நின்னா மட்டும் போதாது, மறக்கவும் வேணும்

நமக்கு ஊரு சிவகாசி பக்கம் நாரணாபுரம். அணுகுண்டு வெடிச்சா ஜன்னல் கண்ணாடி கிடுகிடுன்னு ஆடும். அம்மாச்சி உள்ளங்கையை வச்சு அமுக்குவாங்க, நின்னுடும். இதையே கணக்குல 'கட்டுப்பாட்டுத்திறன்'னு சொல்வாங்கன்னு, பெங்களூர்ல ஆணி புடுங்க வந்தப்புறம்தான் தெரிஞ்சுது :-)

1747-ல தாலம்பேர் அதிரும் கம்பிக்கு அலைச் சமன்பாடு எழுதினார். கம்பியோட ஒரு முனையை மட்டும் ஆட்டி முழுக் கம்பியையும் அமைதியாக்க முடியுமா? முடியும். ஆனா அலை மறுமுனைக்குப் போய்த் திரும்பி வர்ற அளவுக்காவது நேரம் வேணும். இந்த மாதிரி கேள்விகளுக்கு 1988-ல பிரான்ஸ்காரர் ழாக் லூயி லியோன்ஸ் ஒரு பொது வழி கொடுத்தார். 1992-ல பார்தோஸ், லெபோ, ராவுச் மூணு பேரும் ஒரு நிபந்தனை சொன்னாங்க: அலை போற ஒவ்வொரு பாதையும் குறிச்ச நேரத்துக்குள்ள நாம கை வச்ச இடத்தைத் தொட்டாகணும்.

இது வரைக்கும் சுலபம். ஆனா ரப்பர் மாதிரி பொருளுக்கு ஞாபகசக்தி உண்டு! இதுவரை இழுத்த எல்லா இழுப்பும் இன்னிக்கு இருக்கிற விறைப்புல சேரும்னு போல்ட்ஸ்மன் 1874-லேயே எழுதிட்டார். அதனால சமன்பாட்டுல பழசையெல்லாம் கூட்டுற ஒரு தொகையீடு வந்து ஒட்டிக்கும். இப்படித் தொகையீடு கலந்த அமைப்புகளைக் கட்டுப்படுத்துறதுல நம்ம கோவை பாரதியார் பல்கலைக்கழகத்துக்கும் பங்கு உண்டு. அங்கே இருந்த கே. பாலச்சந்திரன், ஜே.பி. டாவரோட சேர்ந்து 2002-ல இந்தத் துறையைப் பத்தி ஒரு விரிவான தொகுப்புக் கட்டுரை எழுதினார்.

2017-ல சி லூ, சூ ஜாங், சுவாசுவா மூணு பேரும் எழுதின கட்டுரையைப் படிச்சப்போதான் ஆடிப்போனேன். ஆட்டமும் நின்னாச்சு, வேகமும் பூஜ்யம். சரின்னு கையை எடுத்தா, மறுபடி தானா ஆட ஆரம்பிக்கும்! உள்ளே சேர்ந்த நினைவு தள்ளுது. அதையும் பூஜ்யமாக்கணும். சிக்கல் என்னன்னா, நினைவு அலை மாதிரி ஓடி நம்ம கைக்கு வராது. இருந்த இடத்துலயே உக்காந்திருக்கும். அதனால கைதான் நகர்ந்து ஒவ்வொரு இடத்துக்கும் போகணும்.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்து. முப்பது பேருக்கு மேலே போயிட்டாங்க. நான் அப்போ பள்ளிக்கூடப் பையன். சத்தம் அன்னிக்கே நின்னுடுச்சு. ஆனா இப்பவும் நேரங்கெட்ட நேரத்துல பெருசா சத்தம் கேட்டா, எங்க ஊர் டீக்கடையில எல்லாரும் பேச்சை நிறுத்திட்டு போனை எடுப்பாங்க.

மேடையில நின்னு நிவாரணம் அறிவிச்சா மட்டும் இது தீராது. வீடு வீடா போகணும். இது தேற்றம் இல்லீங்க, என் நினைப்பு.