துடுப்பு, மண்ணெண்ணெய், மின்கலம்: சிறு படகின் விசை கூறும் வரலாறு

மின்சாரத்தையும் மீன்பிடித் தொழிலையும் சேர்த்து எண்ணிப் பார்க்கும் பழக்கம் நெய்வேலியில் வாழும் நமக்குக் குறைவு. நிலத்தை அகழ்ந்து பழுப்பு நிலக்கரி எடுப்பது நம் நகரின் தொழில். கிழக்கே ஏறத்தாழ 40 கிலோ மீட்டர் தொலைவில், கடலூர்க் கரையில் வலை வீசுவது வேறு மக்களின் தொழில். ஆயினும் மின்கலத்தால் இயங்கும் சிறு மோட்டார்கள் இன்று படகுகளுக்கும் வந்துவிட்டன. ஒரு சிறு படகுக்கு எந்த மோட்டார் ஏற்றது என்பது கடையில் விலை கேட்டு முடித்துவிடக்கூடிய கேள்வியாகத் தோன்றலாம். வரலாறு அவ்வாறு கூறவில்லை. படகுக்கு விசையைத் தேர்பவர், அப்படகை நம்பி வாழும் குடும்பத்தின் உழைப்பையும் கடனையும் உரிமையையும் சேர்த்தே தேர்கிறார்.

மின்சாரப் படகைப் புதுமை என்று நாம் கருதுகிறோம். உண்மையில் அது பெட்ரோல் படகுக்கு மூத்தது. 1838இல் யாக்கோபி என்னும் அறிஞர் ரஷ்யாவின் நேவா ஆற்றில் மின்கலங்களின் ஆற்றலால் படகைச் செலுத்திக் காட்டினார். 1881இல் குஸ்தாவ் துரூவே என்பவர் பாரீசின் சேன் ஆற்றில், சுக்கானோடு பொருத்திக் கழற்றக்கூடிய மின் மோட்டாரை இயக்கினார். ஓலே எவின்ரூட் பெட்ரோலில் ஓடும் வெளிப்பொருத்து எஞ்சினை விற்பனைக்குக் கொணர்ந்தது 1909இல்தான். மின்கலங்களின் எடை மிகுதி. அவற்றில் அடங்கும் ஆற்றலோ குறைவு. எனவே எண்ணெய் வென்றது. மெல்லச் செல்லும் படகிலிருந்து தூண்டிலை இழுத்துச் செல்வோருக்கென 1934இல் அமெரிக்காவின் பார்கோ நகரில் ஷ்மிட் என்பவர் சிறு மின் மோட்டார் ஒன்றை வடிவமைத்தார். ஓசையின்மையே அதன் சிறப்பு. அமைதியான ஏரிகளில் பொழுதுபோக்காக மீன்பிடிப்போரிடையே அவ்வகை பரவிற்று.

நம் கடற்கரையின் நிலை வேறு. மரங்களைக் கயிற்றால் பிணைத்து, அலையை ஊடுருவிச் சென்று, திரும்பியதும் அவிழ்த்து வெயிலில் உலர்த்தப்படும் கட்டுமரத்திற்குத் துடுப்பும் பாயுமே விசை. காற்று இலவசம், கைகளும் சொந்தம். விடுதலைக்குப் பின் 'முன்னேற்றம்' என்னும் சொல் கரைக்கு வந்தது. 1952இல் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, இந்திய–நார்வே திட்டம் கொல்லத்தை அடுத்த நீண்டகரைப் பகுதியில் தொடங்கிற்று. ஏழை மீனவரின் வாழ்வை உயர்த்துவதே அதன் நோக்கம். இயந்திரப் படகுகள் வந்தன. இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலையும் கிடைத்தது. விலை உயரவே, கடலில் கால் வைக்காத முதலீட்டாளர்களும் இழுவைப் படகுகளை வாங்கினர். கரையோரக் கடலில் கட்டுமரத்திற்கும் இழுவைப் படகிற்கும் மோதல் மூண்டது. தமிழகத்தில் 1983ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையை ஒட்டிய மூன்று கடல் மைல் பரப்பில் விசைப்படகுகளுக்குத் தடை விதிக்க வேண்டியதாயிற்று. திட்டத்தின் நோக்கம் நல்லதே. ஆனால் விசையைத் தேர்ந்தவர்கள் கரையில் நின்றவர்கள்.

இதற்கு மறுமொழியாக அமைந்த முயற்சி, புனித சவேரியார் 1544இல் திருமுழுக்களித்த மக்களின் வழிவந்தோர் வாழும் கன்னியாகுமரிக் கரையிலே தோன்றியது என்பதை நாம் நன்றியோடு நினைக்கலாம். கோட்டாறு மறைமாவட்டத்தின் சமூகப் பணி அமைப்பும் ஊர்தோறும் எழுந்த மீனவர் சங்கங்களும் அடித்தளமிட்டன. முட்டத்தில் பெல்ஜியம் நாட்டவரான பியர் கில்லே, மீனவரோடு சேர்ந்து ஒட்டுப்பலகை வள்ளங்களை உருவாக்குவதில் ஈடுபட்டார். பெருமரங்கள் கிடைப்பது அரிதாகி வந்தது. கட்டுமரத்தில் எஞ்சினைப் பொருத்துவதும் எளிதன்று. இலேசான பலகை வள்ளமோ எஞ்சினையும் தாங்கும், அலையையும் கடக்கும், கரையில் இழுத்தும் வைக்கலாம்.

இம்முயற்சிக்குத் துணைநின்ற ஆங்கிலேய நிறுவனம், ஷூமாக்கர் 1966இல் தோற்றுவித்த இடைநிலைத் தொழில்நுட்ப அமைப்பாகும். 1950 முதல் 1970 வரை பிரிட்டனின் தேசிய நிலக்கரி வாரியத்திற்குப் பொருளாதார ஆலோசகராக இருந்தவர் அவர். 1971இல் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தவர். நிலக்கரி நகரத்தாராகிய நமக்கு அவர் அயலாரல்லர். சிறியதே அழகு என்று 1973இல் ஒரு நூலுக்குப் பெயரிட்டார் அவர். பியர் கில்லேயோ 1985இல் தம் படகு அனுபவங்களை நூலாக்கியபோது, சிறியது கடினமானது என்னும் பொருளில் தலைப்பிட்டார். அத்தலைப்பில் ஒரு பெரும் உண்மை அடங்கியுள்ளது. புதிய படகை வரைவது ஒரு பங்கு வேலை. அலையில் அது புரளுமா, உடைந்தால் ஊரிலேயே செப்பனிட இயலுமா, கடனை எவ்வாறு அடைப்பது என்று மீனவர் கேட்கும் கேள்விகளுக்கு விடை காண்பதே பெரும்பங்கு வேலை. 1980இல் அமைந்த தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு இக்கேள்விகளுக்கு அமைப்பு வடிவில் விடை தேடிற்று. மீனைச் சங்கமே விற்றது. விற்ற தொகையில் ஒரு பகுதி கடனுக்குச் சென்றது. படகு கட்டும் தளங்களும் எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறைகளும் எழுந்தன.

ஆயினும் மண்ணெண்ணெய் எஞ்சின் தன் விலையைக் கேட்காமலிருக்கவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் ஏழெட்டுக் குதிரைத்திறன் போதுமானதாயிருந்தது. அண்டை வீட்டாரின் வள்ளம் விரைந்து செல்லவே, பின்தங்கியவர் பெரிய எஞ்சின் தேடினார். கேரளக் கரையில் ஒரே வள்ளத்தில் இரண்டு மூன்று எஞ்சின்களைப் பூட்டும் வழக்கமும் வந்தது. கடலின் மீன் அந்த அளவிற்குப் பெருகவில்லை. எண்ணெய்ச் செலவும் கடனுமே பெருகின. துடுப்பின் களைப்பு நீங்கியது பெரும் பேறு. அதை மறுப்பது நன்றிகேடு. ஆனால் களைப்பு நீங்கிய இடத்தில் கவலை குடியேறியதையும் மறைக்கலாகாது.

இவ்வரலாற்றின் வெளிச்சத்தில் மின் மோட்டாரை அளந்து பார்ப்போம். 12 வோல்ட் சிறு மோட்டார்களில் பெரியவை ஏறத்தாழ 55 பவுண்டு, அதாவது 25 கிலோ, உந்துவிசை தருவன. அவை முழு விசையில் ஏறக்குறைய 50 ஆம்பியர், அதாவது 600 வாட், மின்சாரம் உண்ணும். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். 100 ஆம்பியர்-மணி மின்கலம் ஒன்று கணக்கில் இரண்டு மணி நேரம் தரும். ஈய-அமில வகையாயின், அது நீடித்து உழைக்கப் பாதியை மட்டுமே செலவிடுவது நன்று. எனவே ஒரு மணி நேரமே மிஞ்சும். அசைவற்ற நீரில், படகின் மொத்த எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு உந்துவிசை போதும் என்பது பொது விதி. 500 கிலோ எடைக்கு 10 கிலோ விசை. காற்றுக்கும் நீரோட்டத்திற்கும் அதற்கு மேலும் வேண்டும். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் தேவைப்படும் திறன் ஏறத்தாழ எட்டில் ஒன்றாகிவிடும். பொறுமை உடையவருக்கே இம்மோட்டார் பயன் தரும். உப்பு நீருக்கென்று செய்யப்பட்டதா என்பதையும் கேட்டறிய வேண்டும். இல்லையேல் அரிப்பு அதனை உண்டுவிடும்.

எனவே வீராணம் ஏரியிலும், பிச்சாவரத்தின் கழிகளிலும் சிறு தோணிக்கு இது தகும். கடலூர்க் கரையின் அலையைக் கடக்கும் பைபர் படகுக்குத் தகாது. பத்துக் குதிரைத்திறனை ஒரு மணி நேரம் பெறவே மேற்சொன்ன மின்கலங்கள் ஆறுக்கு மேல் வேண்டும். ஈய-அமில வகையில் அவற்றின் எடை மட்டுமே ஏறத்தாழ 180 கிலோ. லித்தியம் மின்கலம் எடையைப் பாதிக்கும் கீழாகக் குறைக்கிறது, விலையை உயர்த்துகிறது. பெரிய படகிலும் இது இயலாததன்று. 2017 முதல் வைக்கத்திற்கும் தவணக்கடவிற்கும் இடையே 75 பயணிகளை ஏற்றிச் செல்லும் 'ஆதித்யா' சூரிய மின்படகு அதனை மெய்ப்பித்தது. துரூவேயின் பெயரால் வழங்கப்படும் அனைத்துலக விருதினை 2020இல் அது பெற்றது. அங்கும் அடிப்படை ஒன்றே: குறுகிய தொலைவு, அறிந்த வழி, அமைதியான நீர்.

மற்றொன்றையும் நாம் நேர்மையோடு எண்ண வேண்டும். மின்கலத்தை நிரப்பும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது? 1962இல் மின்சாரம் தரத் தொடங்கிய நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் 2020இல் ஓய்வு பெற்றது. புதிய அனல் நிலையங்களும் சூரிய மின் நிலையங்களும் எழுந்துள்ளன. பழுப்பு நிலக்கரியால் நிரம்பிய மின்கலம் படகில் புகை விடாது. அதன் புகை நம் புகைபோக்கிகளில் எழுகிறது. நிலக்கரியும் எண்ணெயும் காலந்தாழ்த்தாமல் படிப்படியாக மாற்றப்பட வேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில் கேட்டுக்கொண்டார். நிலக்கரியால் உணவு பெறும் நம் குடும்பங்களுக்கு அது எளிய சொல் அன்று. மண்ணெண்ணெயை விடச் சொல்லப்படும் மீனவருக்கும் அவ்வாறே. இந்த மாற்றத்தின் பாரத்தை யார் சுமப்பது என்ற கேள்வியில் சுரங்கத் தொழிலாளியும் கடல் தொழிலாளியும் ஒரே வரிசையில் நிற்கின்றனர்.

கெனசரேத்து ஏரிக் கரையில் ஆண்டவர் சீமோனின் படகில் ஏறினார். அதைக் கரையிலிருந்து சற்றே தள்ளும்படி அவரிடம் கேட்டுக்கொண்டார். படகுக்கு உரியவரைக் கேட்ட பின்னரே போதனை தொடங்கியது. உதவி செய்யப் புறப்படும் பங்கும் சங்கமும் அரசும் அந்த வரிசையைப் பின்பற்றினால் போதும். மோட்டாரின் திறனை அளப்பதற்கு முன், எந்த நீரில், எவ்வளவு தொலைவு, யாருடைய கடனில், யார் கையால் செப்பனிடப்பட்டு இது ஓடும் என்று படகில் நிற்பவரைக் கேட்போம். முட்டத்து வள்ளங்கள் நிலைத்தது அவ்வாறு கேட்டதனால்தான்.