கடைசியாகப் பிறந்தவன்: ‘மௌன ராகம்’ பிறந்த கதை

ராஜபாளையத்திலிருந்து மேற்கே, மலையைப் பார்த்துப் போகிற சாலை கடைசியில் கொண்டுவிடுகிற இடம் அய்யனார் கோவில். சாமியின் முழுப்பெயர் நீர்காத்த அய்யனார். ஊருக்குக் குடிதண்ணீர் தருகிற ஆறாவது மைல் நீர்த்தேக்கமும் அந்தப் பக்கம்தான். ஐப்பசி, கார்த்திகையில் மலைமேல் மழை இறங்கிவிட்டால் ஆற்றில் வெள்ளம் வரும். கோவிலுக்குப் போக விடமாட்டார்கள். வெள்ளம் வடிந்த பிறகு போனால் பாறைகளுக்கு நடுவே தண்ணீர் தெளிந்து ஓடிக்கொண்டிருக்கும்.

எங்கள் பக்கத்தில் கண்மாய்க்கரைகளிலும் அய்யனார் இருப்பார். நீரைக் காப்பது என்றால் தேக்கி வைப்பது மட்டும் இல்லை என்பது கண்மாய்த் தண்ணீரை நம்பிப் பயிர் வைத்த எவருக்கும் தெரியும். கரை எத்தனை உறுதியாக இருந்தாலும் மடை வேண்டும். நிறைந்துவிட்டால் மறுகால் பாய வழி வேண்டும். மறுகால் இல்லாத கண்மாய் பெருமழையில் உடைந்து ஊரைக் கொண்டுபோகும்.

துக்கத்துக்கும் இதுதான் விதி என்று சொன்ன ஒரு தமிழ்ப் படம் உண்டு. மணிரத்னத்தின் ‘மௌன ராகம்’. 1986 ஆகஸ்ட் 15 அன்று வெளியானது. இந்த ஊர்கள் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து காமராஜர் மாவட்டத்துக்குள் (இன்றைய விருதுநகர் மாவட்டம்) வந்து ஒன்றரை ஆண்டுகூட முழுதாக ஆகாத நேரம் அது. அந்தப் படத்தைப் பற்றி யாரிடம் பேச்செடுத்தாலும் முதலில் வருகிற பெயர் மனோகர். கார்த்திக் நடித்த அந்தத் துடுக்கான காதலன். நூலகத்தில் அவன் செய்த அமர்க்களம், காதலியின் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட துணிச்சல், திருமணப் பதிவு அலுவலக வாசலில் அவன் சாய்ந்து விழுந்த காட்சி. இதுதான் படம் என்று நினைப்பவர்கள் நிறைய.

ஆனால் இந்தக் கதை பிறந்தபோது மனோகர் அதில் இல்லை.

முதலில் பிறந்தது ஓர் இரவு. மணிரத்னம் அப்போது பெயர் பெற்ற இயக்குநர் இல்லை. 1956இல் மதுரையில் பிறந்தவர். குடும்பம் சினிமா விநியோகத்திலும் தயாரிப்பிலும் இருந்தது. அவரோ மும்பையில் நிர்வாகவியல் படித்துவிட்டுச் சிறிது காலம் ஆலோசகர் வேலை பார்த்தார். 1983இல் கன்னடத்தில் ‘பல்லவி அனு பல்லவி’ மூலம் இயக்குநரானார். அந்த ஆரம்ப நாள்களில், படமெடுக்கும் எண்ணம் ஏதுமில்லாமல் அவர் எழுதிய ஒரு சிறுகதைதான் விதை. கட்டுப்பாடான வீட்டில் வளர்ந்த ஒரு பெண். அந்நிய ஆணோடு பேசக் கூடாது என்று சொல்லியே வளர்க்கப்பட்டவள். ஒருநாள் மேளம் கொட்டித் தாலி கட்டுகிறார்கள். அன்று இரவே முன்பின் தெரியாத ஒருவனோடு ஓர் அறைக்குள் அவளை அனுப்பிக் கதவைச் சாத்துகிறார்கள். அந்த அறைக்குள் அவள் மனதில் என்ன நடக்கும்? கதை அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் பெயர் திவ்யா. பின்னால் திரைக்கதையாக வளர்ந்தபோதும் படத்துக்கு முதலில் அந்தப் பெயரே இருந்தது.

அந்தக் கேள்வியை நம் வீடுகளில் யாரும் சத்தமாகக் கேட்டதில்லை. எத்தனையோ கல்யாண வீடுகளில் மறுநாள் காலை அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சித்திமாரும் அத்தைமாரும் சிரித்திருக்கிறார்கள். அவள் பயந்தாளா, அழுதாளா என்று கேட்டவர்கள் குறைவு. கேட்காமல் விட்ட அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தப் படம் கிளம்பியது. ஆகவே இதன் வேரில் இருப்பது காதல் இல்லை. ஒரு பெண்ணின் மறுப்பு.

சிறுகதை திரைக்கதையானபோது மறுப்புக்குக் காரணம் கேட்கப்படும் என்பது தெரிந்த விஷயம். அவளுக்கு அவனைத் தெரியாது, அவ்வளவுதான் காரணம் என்று 1986இல் ஒரு கொட்டகையில் சொல்லியிருந்தால் எத்தனை பேர் ஒப்புக்கொண்டிருப்பார்கள்? கூடுதலான பேரிடம் படம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகப் பிறகு சேர்க்கப்பட்டதே மனோகர் வரும் பகுதி. இறந்தவன் கதைக்குள் கடைசியாகத்தான் பிறந்தான். அவனுக்கு முன்பே அவள் இருந்தாள், அந்த அறை இருந்தது, எதிரே நிற்கும் புதியவனும் இருந்தான்.

இந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது. செத்துப்போன காதலனில் தொடங்கிய கதை என்றால் படம் அவனுக்குக் கட்டிய சமாதியாகியிருக்கும். இது உயிரோடு இருப்பவளில் தொடங்கிய கதை. அதனால்தான் அந்தப் பின்கதை முடிந்ததும் படம் அவனிடம் திரும்பிப் போவதில்லை. அவளோடு வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

தமிழ்த்திரை அதற்கு முன் இழந்த காதலைச் சொல்லாமல் இல்லை. ஸ்ரீதரின் ‘கல்யாண பரிசு’ (1959) அக்காளுக்காகக் காதலை விட்டுக்கொடுத்த தங்கையின் கதை. அவரே எடுத்த ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962), முன்னாள் காதலியின் கணவனுக்கு வைத்தியம் பார்த்து, அவனைப் பிழைக்கவைத்துவிட்டுத் தான் இறந்துபோகும் மருத்துவனின் கதை. மகேந்திரனின் ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’ (1980) பழைய காதலை மறக்க முடியாமல் கணவனோடு ஒட்டாத மனைவியைக் காட்டியது. பாக்யராஜின் ‘அந்த 7 நாட்கள்’ (1981) படத்தில் கணவனே மனைவியை அவள் காதலனோடு சேர்த்துவைக்க முயன்றான். இந்தக் கதைகளிலெல்லாம் புது வாழ்க்கை ஒன்று அமைந்த பிறகும் பழைய காதல் உயிரோடு நடமாடிக்கொண்டிருக்கும். அதனால் அங்கே பெரிய சொல் தியாகம், அல்லது தாலி.

‘மௌன ராகம்’ இந்தப் பாதையிலிருந்து விலகியது இங்கேதான். திவ்யாவுக்கு விட்டுக்கொடுக்க ஆள் இல்லை. திரும்பிப் போகவும் இடம் இல்லை. அவள் கணவன் சந்திரகுமாருக்கு எதிரே நிற்பவன் ஆளே இல்லை, ஒரு நினைவு. ஆளோடு சண்டை போடலாம், பேசிப் பார்க்கலாம். நினைவோடு என்ன செய்வது? அதற்குத் தியாகம் உதவாது, தாலியின் மகிமையும் உதவாது. காலம்தான் உதவும், கூட இருப்பவனின் பொறுமையும் உதவும்.

அந்தக் காலத்தை இந்தப் படத்துக்குக் கொடுத்தது சட்டம். டெல்லிக்குக் குடிபோன புதிதில், என்ன வேண்டும் என்று ஆசையாகக் கேட்கிற கணவனிடம் அவள் விவாகரத்து கேட்கிறாள். அவன் கோபப்படாமல் வக்கீலிடம் அழைத்துப் போகிறான். கல்யாணமாகி ஓராண்டு ஆகாமல் முடியாது என்கிறார் வக்கீல். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் முதலில் மூன்றாண்டு காத்திருக்கச் சொன்னது. 1976இல் வந்த திருத்தம் அதை ஓராண்டாக்கியது, பரஸ்பர சம்மதத்தில் பிரியவும் வழி திறந்தது. அந்த ஓராண்டைத் திரைக்கதையின் முதுகெலும்பாக்கிக்கொண்டார் மணிரத்னம். பிரிவதற்காகக் காத்திருக்கிற ஒரு வருடம், சேர்ந்து வாழக் கற்றுக்கொள்கிற வருடமாக மெல்ல மாறுகிறது.

நடிகர்கள் வந்த விதத்திலும் ஒரு கதை இருக்கிறது. ரேவதி ‘பகல் நிலவு’ படத்திலும், மோகன் ‘இதய கோவில்’ படத்திலும் மணிரத்னத்திடம் நடித்திருந்தார்கள். இரண்டும் 1985இல் வந்தவை. ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’யில் மறக்க முடியாத காதலனாக வந்தவர் இதே மோகன்தான். ஆறு ஆண்டு கழித்து அவர் எதிர்ப்பக்கம் வந்து உட்கார்ந்தார், மறக்க முடியாதவளின் கணவனாக. சந்திரகுமார் அதிகம் பேசுவதில்லை. அவளைத் தொட முயல்வதில்லை, உபதேசம் செய்வதில்லை. அடிபட்டுப் படுக்கையில் கிடக்கும்போதுகூடப் பரிதாபத்தை அவன் கேட்டு வாங்குவதில்லை. கார்த்திக்கின் துள்ளலுக்கு ஊர் கைதட்டியது. மோகனின் அடக்கத்துக்குக் கைதட்டல் வராது. ஆனால் படம் அவர் தோளில்தான் நிற்கிறது.

மணிரத்னத்தோடு பி.சி. ஸ்ரீராம் முதன்முதலில் சேர்ந்ததும் இதில்தான். முதல் பாதியில் மழையும் வெளிச்சமுமாக இருந்த பெண், அந்த டெல்லி வீட்டின் அரையிருட்டில் எவ்வளவு தனியாகிவிட்டாள் என்பதை வசனம் சொல்லவில்லை, அவருடைய கேமரா சொன்னது. அந்த வீட்டை நிரப்பியது இளையராஜாவின் பின்னணி இசை. இரண்டு பேர் பேசாமல் இருக்கும் இடங்களிலெல்லாம் மூன்றாவது ஆளாக அது இருந்தது. பாட்டுகளை வாலி எழுதினார். கலை தோட்டா தரணி. படத்தொகுப்பு லெனினும் வி.டி. விஜயனும். தயாரித்தவர் மணிரத்னத்தின் அண்ணன் ஜி. வெங்கடேஸ்வரன். எங்கள் மாவட்டத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு: சந்திரகுமாரின் மேலதிகாரியாக வந்து, கனத்துப்போன வீட்டில் கொஞ்சம் சிரிப்பைக் கொண்டுவந்தவர் விருதுநகர்க்காரர் வி.கே. ராமசாமி.

படம் ஓடியது. அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது. மணிரத்னம் என்ற பெயர் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தது இதற்குப் பிறகுதான். அடுத்த ஆண்டே ‘நாயகன்’ வந்தது. அப்பாவைப் பெயர் சொல்லி அழைத்த அந்த ஒரு காட்சியின் ஆயுள், 2018இல் கார்த்திக்கும் அவர் மகன் கௌதமும் சேர்ந்து நடித்த படத்துக்கு ‘மிஸ்டர் சந்திரமௌலி’ என்று பெயர் வைக்கிற அளவுக்கு நீண்டது. 2013இல் அட்லீயின் ‘ராஜா ராணி’ இதே மண்ணில் இன்னொரு செடியாக முளைத்தது. அதில் கணவன், மனைவி இருவருக்குமே ஓர் இழப்பு உண்டு.

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில்தான் ஸ்ரீவில்லிபுத்தூர். மனிதருக்கு வாழ்க்கைப்படமாட்டேன் என்று நின்ற ஆண்டாளின் ஊர். ஒருவரையே நினைத்து, வேறு யாரையும் ஏற்காமல் இருந்த அந்த உறுதியை நாம் கோபுரம் கட்டிக் கும்பிடுகிறோம். அதனாலேயோ என்னவோ, காதலை இழந்த பெண் இன்னொரு வாழ்க்கைக்குச் சம்மதித்தால் அது முதல் காதலுக்குச் செய்த துரோகம் என்று நமக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஆனால் ஆண்டாள் காத்திருந்தது வருவார் என்று அவள் நம்பிய ஒருவருக்காக. திவ்யா காத்திருந்தது இனி வரவே முடியாத ஒருவனுக்காக. இரண்டும் ஒரே காத்திருப்பு இல்லை. முன்னதற்குப் பெயர் பக்தி. பின்னதில் ஓர் உயிர் வீணாகிப் போகும்.

திவ்யா மனோகரை மறந்துவிட்டாள் என்று படம் எங்கேயும் சொல்லவில்லை. அவனைக் குறைத்துப் பேசவும் இல்லை. அவன் மேல் வைத்த அன்பு பொய்யாகாமலே இன்னொருவன் மேல் அன்பு வருகிறது. சந்திரகுமார் முன்பு வாங்கித் தந்த கொலுசை அவளே எடுத்துக் காலில் போட்டுக்கொள்கிறாள். அவனோ, தன்னிடம் அவள் வேண்டாவெறுப்பாக இருந்தவள் என்ற நினைப்பிலேயே இறுகிப்போய், சென்னைக்கு டிக்கெட் எடுத்து ரயிலேற்றிவிடுகிறான். ரயிலடியில், அவள் முதலில் கேட்ட அந்த விவாகரத்துப் பத்திரத்தைக் கையில் கொடுக்கிறான். அவள் அழுதுகொண்டே மனதில் இருப்பதைச் சொல்லி, அதைக் கிழித்துப் போடுகிறாள். ரயில் நகர்ந்த பிறகு ஓடிப்போய் ஏறுகிறவன் அவன்.

அந்தக் காகிதம் கிழியும் இடத்தில்தான் முதலில் எழுதிய சிறுகதை முடிகிறது என்று நினைக்கிறேன். முதல் இரவில் அவளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்காத அந்தச் சம்மதத்தை, யாரும் வற்புறுத்தாதபோது, அவளாகத் தருகிறாள். மறுப்பில் பிறந்த கதை சம்மதத்தில் முடிகிறது. நடுவில் வந்த மனோகர் அந்த இரண்டுக்கும் இடையே ஓடிய ஆறு.

வீட்டில் யாராவது ஒருவரை இழந்து நிற்கிற பெண் இருந்தால், ஆணும் இருந்தால், இந்தப் படத்தை அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். கார்த்திக் வருகிற இடத்தோடு நிறுத்திவிடாதீர்கள். கடைசி அரைமணி நேரத்தையும் பாருங்கள். பார்த்து முடித்ததும், இன்னும் அவனையே நினைத்துக்கொண்டிருக்கிறாயா என்று கேட்காதீர்கள். நினைக்கட்டும். கண்மாயில் தண்ணீர் நிற்பது தப்பில்லை. மறுகாலை மட்டும் நாம் அடைத்துவிடக் கூடாது.