புகைமூட்டத்தில் காணாமல் போன மீசைக்காரர்

போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தில்லியில் காற்று வழக்கம் போல மோசம். ஜன்னல்களைச் சாத்திவிட்டு, ஏர் ப்யூரிஃபையரை ஓடவிட்டு, நானும் தங்கமணியும் மகளும் 'தி கிரவுன்' பார்த்தோம். முதல் சீசனின் நாலாவது எபிசோட், 1952 டிசம்பரில் லண்டனை மூடிய புகைமூட்டம் பற்றியது. வெளியே ஒரு மூட்டம், டிவிக்குள் ஒரு மூட்டம். நல்ல பொருத்தம்தான்.

இரண்டு நாள் கழித்து, காற்று மாசு பற்றிப் பள்ளியில் பேச எழுதி வைத்திருந்ததை மகள் காட்டினாள். அதில் ஒரு இடத்தில், எலிசபெத் ராணி பிரதமர் சர்ச்சிலைக் கூப்பிட்டுவிட்டார், சர்ச்சில் விழித்துக்கொண்டார், லண்டன் காற்று சுத்தமாகிவிட்டது என்று இருந்தது.

"இதை எங்கேம்மா படிச்சே?"

"படிக்கலப்பா, நாம பார்த்தோமே!"

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. தொடர் அப்படித்தான் போகிறது. வெனிஷியா ஸ்காட் என்று ஒரு இளம் செயலாளர், சர்ச்சில் மேல் பக்தி கொண்டவர், மூட்டத்தில் பஸ் மோதி இறந்துபோகிறார். கிழவர் கலங்கி மருத்துவமனைக்கு ஓடுகிறார். ராணியோ இவரை விலகச் சொல்லலாமா என்று யோசித்து அரண்மனைக்கு அழைக்கிறார். சரியாக அந்த நேரத்தில் வெயில் அடிக்கிறது. கதை முடிகிறது. நானும் அசந்துதான் பார்த்தேன்.

ஆனால் வெனிஷியா ஸ்காட் என்று ஒருவர் இருந்ததே இல்லை. கற்பனைப் பாத்திரம். சர்ச்சிலின் பதவி ஆடும் அளவுக்கு அரசியல் நெருக்கடியும் அப்போது வரவில்லை. மூட்டம் டிசம்பர் 5 முதல் 9 வரை இருந்தது. முதலில் சொல்லப்பட்ட சாவுக் கணக்கு சுமார் 4,000. பிற்கால ஆய்வுகள் அதை 12,000 வரை கொண்டுபோகின்றன. மூட்டம் விலகிய பின்னும் தொடர்ந்த சாவுகளை அரசுத் தரப்பு இன்ஃப்ளுயன்சா கணக்கில் எழுதிப் பார்த்தது. வீட்டுவசதி அமைச்சர் ஹரால்ட் மேக்மில்லன், புதிதாகச் சட்டம் எதுவும் வேண்டாம் என்ற நிலையில்தான் முதலில் இருந்தார்.

அப்புறம் காற்று எப்படிச் சுத்தமானது? எம்.பி.க்கள் சபையில் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். 1953ல் ஹியூ பீவர் என்பவர் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். 1954ல் அது இறுதி அறிக்கை கொடுத்தது. அரசு அசைகிற வேகம் போதவில்லை என்று ஜெரால்ட் நபாரோ தனிநபர் மசோதா கொண்டுவந்தார். இவர் ஆளுங்கட்சியின் பின்வரிசை எம்.பி., நம்ம ஊர் அய்யனார் மாதிரி பெரிய மீசைக்காரர். அரசே சட்டம் கொண்டுவருகிறோம் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் மசோதாவைத் திரும்பப் பெற்றார். அப்படி வந்ததுதான் 1956ன் தூய காற்றுச் சட்டம். புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகளை அறிவிக்க உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் கிடைத்தது. கரி எரிக்கும் கணப்பை மாற்ற வீடுகளுக்கு மானியம் கிடைத்தது. மூட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே மூன்றரை வருடம்.

இதில் ராணியின் பங்கு? கடைசியில் மசோதாவுக்கு அரச ஒப்புதல். பிரிட்டனில் அந்த ஒப்புதல் கடைசியாக மறுக்கப்பட்டது 1708ல், ஆன் ராணி காலத்தில்!

கேமரா ஏன் அப்படியும் அரண்மனைக்கே போகிறது? வாரம் ஒருமுறை பிரதமர் அரசரைச் சந்திக்கிறார். கூட யாரும் கிடையாது, குறிப்பும் எடுப்பதில்லை. எலிசபெத் இப்படிச் சர்ச்சில் முதல் லிஸ் ட்ரஸ் வரை 15 பிரதமர்களைப் பார்த்துவிட்டார். என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாததால் எழுத்தாளருக்கு முழுச் சுதந்திரம். பீட்டர் மார்கன் அந்த அறையை வைத்தே 'தி குவீன்' (2006) படம், 'தி ஆடியன்ஸ்' (2013) நாடகம், 'தி கிரவுன்' (2016-2023) தொடர் என்று எழுதிவிட்டார். குழு அறிக்கையை யார் படம் எடுப்பார்கள்? இரண்டு நாற்காலி, இரண்டு நல்ல நடிகர்கள் போதும், நாடகம் பிடித்துக்கொள்ளும். பார்க்கிறவன் மனதிலோ நாட்டை மாற்றுவது அந்த இரண்டு நாற்காலிதான் என்று பதிந்துவிடுகிறது.

அந்தப் பக்கம் போகாமல் ஆபீசுக்குள் கேமரா வைத்த தொடரும் ஒன்று உண்டு. 'யெஸ் மினிஸ்டர்', 1980ல் பிபிசியில் ஆரம்பித்தது. ஃபைலை எப்படிப் புதைப்பது, குழு போட்டு எப்படி நாள் கடத்துவது என்று செயலாளர் சர் ஹம்ப்ரி பாடமே நடத்துவார். இன்ஃப்ளுயன்சா கணக்கை அவர் பார்த்திருந்தால் எழுந்து கை தட்டியிருப்பார்.

இதை எழுதிய இருவரில் ஒருவர் ஆண்டனி ஜே. 1969ல் அரண்மனைக்குள் கேமராவை அனுமதித்து எடுத்த 'ராயல் ஃபேமிலி' ஆவணப்படத்துக்கு உரை எழுதியதும் இதே ஆள்தான். அதில் ராஜகுடும்பம் சாதாரணக் குடும்பம் போல வெட்டவெளியில் இறைச்சி வாட்டிச் சாப்பிடும். ஒரே பேனா அரண்மனைக்கு மரியாதையும் மந்திரி ஆபீசுக்குக் கேலியும் எழுதியது. பார்க்கிற கூட்டத்துக்கு அரண்மனை மேல் பாசம், மந்திரி மேல் இளக்காரம் என்று பழகிப்போவதில் ஆச்சரியம் என்ன? இரண்டுக்கும் நடுவே ஒரு பின்வரிசை எம்.பி. சத்தம் போட்டுக் காரியம் சாதித்த கதைக்கு இடமே இல்லாமல் போகிறது.

இது பிரிட்டிஷ்காரன் தலைவலி, நமக்கென்ன என்று விட முடியவில்லை. 'யெஸ் மினிஸ்டர்' 2001ல் 'ஜீ மந்திரிஜி' என்று ஸ்டார் பிளஸ்ஸில் இந்தியில் வந்தது. ஃபரூக் ஷேக் மந்திரி. ஃபைலும் செயலாளரும் அவர்கள் விட்டுப்போன சொத்து, அதனால் இடம் மாற்றி வைக்கச் சிரமம் இருந்திருக்காது. அவர்களுக்கு ராஜா. நமக்கு ராஜா இல்லை. ஆனாலும் மூட்டம் வந்தால் "மேல இருக்கிறவர் ஒருத்தர் கூப்பிட்டுச் சொன்னா எல்லாம் சரியாயிடும்" என்று காத்திருக்கிற குணம் நம்மிடமும் இருக்கிறது. லிஃப்டில் பார்க்கிற அண்டைவீட்டுக்காரர்கள் தினமும் சொல்வது அதைத்தான். நானும் சொல்லியிருக்கிறேன்.

மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்சம் முகம் வாடியது. "ராணி சீன்தாம்ப்பா நல்லா இருந்துச்சு" என்றாள். நல்லாத்தான் இருந்தது, இல்லை என்று நான் சொல்லவில்லை. ராத்திரி உட்கார்ந்து திருத்தி எழுதினாள். ராணி போய் நபாரோ வந்தார். தூங்கப் போகும் முன் ஒரு கேள்வி கேட்டாள்: "நம்ம ஏரியா எம்.பி. யாருப்பா? காத்தைப் பத்தி அவர் சபையில ஏதாவது கேட்டிருக்காரா?"

பெயர் தெரியும். சபையில் என்ன கேட்டார் என்று தெரியாது. இருபது வருடமாக இந்த ஊரில் ஓட்டுப் போடுகிறேன், ஒரு நாளும் தேடிப் பார்த்ததில்லை. கம்ப்யூட்டரைத் திறந்து இரண்டு பேரும் தேட உட்கார்ந்தோம்.