மெழுகு இறங்கும் நேரம்

1734-இல் புதுச்சேரியில் போல்யூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, தன் கண்ணெதிரே ஒரு துணியில் சீட்டி எனும் சாய ஓவிய வேலை செய்யவைத்தார். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அதில் ஒரு துண்டு வெட்டி வைத்துக்கொண்டார். அவர் எழுதிய குறிப்போடு சேர்ந்து பாரிஸுக்குப் போன அந்தத் துண்டுகள் இன்றும் அங்கே இருக்கின்றன. சோழமண்டலக் கரைச் சீட்டியின் பெருமையைச் சொல்பவர்கள் வெளுக்காத சாயத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். துணியை விட்டுப் போக வேண்டியது மிச்சமில்லாமல் போனதிலும் அந்தப் பெருமைக்குப் பாதிப் பங்கு உண்டு என்பது என் கட்சி. கடுக்காயும் எருமைப்பாலும் ஊறிய துணியில், கோடுகள் சாயவேரில் கொதித்துச் சிவந்த பிறகு, நீலம் படக்கூடாத இடமெல்லாம் உருக்கிய மெழுகால் மூடப்படும். அவுரித் தொட்டியில் தோய்த்தெடுத்ததும் துணி கொதிநீருக்குப் போகும். தேன்மெழுகு 62 பாகைக்கு மேல் உருகிவிடும். தண்ணீரைவிட லேசானது என்பதால் மேலே மிதக்கும். வழித்தெடுத்தால் மறுபடி உருக்கிக்கொள்ளலாம்.

இது மெழுகின் குணம்தானே, இதில் கைத்திறன் எங்கே என்று கேட்கலாம். வேலையின் வரிசையைப் பாருங்கள். அவுரித் தொட்டி கொதிப்பதில்லை, அதில் மெழுகு நிற்கும். சாயவேர்த் தண்ணீர் கொதிப்பது, அதில் நிற்காது. அதனால் நீலத்தை முடித்து, மெழுகை இறக்கி, பிறகே படிகாரம் தீட்டி இரண்டாம் சிவப்புக்குப் போனார்கள். மெழுகை எப்போது கழற்றுவது என்ற கணக்கே வேலைக்கு வரிசை வகுத்தது.

மெழுகைப் போலவே சூட்டில் இளகினாலும், அயர்ன் சூட்டில் ஒட்டும் பசைக்கு அந்தக் கழற்றும் கணக்கு கிடையாது. சட்டைக் காலருக்குள் ஃபியூசிங் என்ற பசைத்துணியை வைப்பதே அது போகாமல் இருக்கத்தானே என்பது நியாயமான கேள்வி. காலர் வரைக்கும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1950, 60-களில் நெதர்லாந்தில் நைந்த பழங்கொடிகளையும் சித்திரத் திரைகளையும் காப்பாற்ற, சூட்டில் இளகும் செயற்கைப் பசையால் புதுத் துணிமேல் ஒட்டினார்கள். பின்னால் வந்தவர்கள் அதைப் பிரிக்க வேண்டியதாயிற்று. மறுபடி சூடு காட்டினால் அடித்துணி உரிந்து வரும். இழைகளுக்குள் இறங்கிய பசை அங்கேயே தங்கிவிடும், கொதிநீருக்கும் மசியாது. பலவகைப் பசைகளை அசிட்டோன் இளக்கும், ஆனால் பழைய சாயமும் கூடவே கசியலாம். துணி அசிட்டேட்டாக இருந்துவிட்டால் பசைக்கு முன்னால் துணியே கரைந்துவிடும்.