நெற்கட்டும்செவலும் அக்கம்பக்கத்து ஊர்களும்

தென்காசி மாவட்டத்தின் வடபகுதியில் சிவகிரி, வாசுதேவநல்லூர், நெற்கட்டும்செவல், பனையூர் என்று சில ஊர்கள் இருக்கின்றன. இவற்றில் நெற்கட்டும்செவல் சின்னக் கிராமம்தான். ஆனால் 1750களில் ஆற்காட்டு நவாபும் கிழக்கிந்தியக் கம்பெனியும் இந்தக் கிராமத்தைக் குறிவைத்துப் படை அனுப்பிக் கொண்டே இருந்தார்கள். காரணம் அங்கிருந்த பாளையக்காரர் பூலித்தேவர். நவாபுக்கு வரி கட்ட அவர் மறுத்தார்.

1755-ல் கர்னல் ஹெரான், நவாபின் அண்ணன் மாபூஸ்கானோடு வந்தார். பெரிய பீரங்கி இல்லை, சிப்பாய்களுக்கு உணவும் சம்பளமும் பற்றவில்லை. கோட்டையைப் பிடிக்க முடியாமல் மதுரைக்குத் திரும்பினார்.

பூலித்தேவர் மேற்குப் பாளையங்களை ஒன்று சேர்த்தார். மறவர் பாளையங்கள் பெரும்பாலும் அவர் பக்கம் வந்தன. வராதது சிவகிரி! கூப்பிடு தூரத்தில் இருந்த பாளையமே சேரவில்லை. எட்டயபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும் கூட சேரவில்லை. இதை இப்போது துரோகம் என்று சொல்லிவிடுவது சுலபம். அன்றைக்குப் பாளையக்காரர்களுக்கு நாடு என்பது தங்கள் பாளையம்தான். பக்கத்துப் பாளையம் பலமாவதும் பயமாகத்தான் இருந்திருக்கும்.

அடுத்து வந்தவர் யூசுப்கான். மருதநாயகம் என்று சினிமாப் பேச்சால் எல்லோருக்கும் தெரிந்தவர். திருச்சியிலிருந்து பெரிய பீரங்கிகள் 1760-ல்தான் வந்து சேர்ந்தன. திருவிதாங்கூரும் பூலித்தேவரைக் கைவிட்டு அவர் பக்கம் போனது. 1761 மே 16-ல் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் மூன்று கோட்டைகளும் விழுந்தன. வென்று கொடுத்த யூசுப்கானையே 1764-ல் மதுரையில் தூக்கில் போட்டார்கள்.

அதன்பின் பூலித்தேவர் திரும்பி வந்தார். 1767-ல் கர்னல் டொனால்ட் கேம்பெல் வாசுதேவநல்லூரை முற்றுகையிட்டார். அது வெறும் மண்கோட்டை. குண்டு பட்ட இடத்தை உள்ளே இருந்தவர்கள் உடனுக்குடன் அடைத்ததையும், அவர்கள் சண்டை போட்ட விதத்தையும் எதிரியான கேம்பெலே வியந்து எழுதியிருக்கிறார். பலத்த மழையில் அவர்கள் தப்பிப் போனார்கள். பூலித்தேவரின் முடிவு எப்படி என்பதில் கதைகள் பல. சங்கரன்கோவில் கோயிலில் மறைந்தார் என்பது ஊர்மக்கள் நம்பிக்கை.

ஊர்ப்பெயரிலும் ஒரு கதை உண்டு. "நெல் கட்டும்" ஊர், வரி மறுத்ததால் "நெற்கட்டான்செவல்" ஆனது என்பார்கள். அரசுப் பதிவில் இன்றும் நெற்கட்டும்செவல்தான்.

சேராமல் நின்ற சிவகிரி, கம்பெனி ஆட்சியில் ஜமீனாகத் தொடர்ந்தது. 1948-ம் வருடச் சட்டத்தில்தான் ஜமீன்கள் ஒழிந்தன. நெற்கட்டும்செவலில் இப்போது பூலித்தேவருக்கு அரசு நினைவு மாளிகை இருக்கிறது. செப்டம்பர் 1 அவர் பிறந்தநாள் என்பதால் அன்று மட்டும் ஊரில் கூட்டம் நிறையும்.