டீசல் டிசையர்: பழைய வண்டியின் பழுதுகளும் செலவுகளும்

ஸ்விஃப்ட் டிசையர், மாருதி சுசுகி நிறுவனம் 2008 மார்ச்சில் இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்த செடான் கார். ஸ்விஃப்ட் காருக்கு டிக்கி சேர்த்து உருவான முதல் தலைமுறை வண்டி 4 மீட்டர் நீளத்தைத் தாண்டியிருந்தது. 4 மீட்டருக்குள் அடங்கும் கார்களுக்கான வரிச் சலுகைக்காக, 2012-இல் வந்த இரண்டாம் தலைமுறையின் நீளம் 3,995 மில்லிமீட்டராகக் குறைக்கப்பட்டது. மூன்றாம் தலைமுறை 2017-இல் வந்தது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 மாசு விதி அமலுக்கு வந்ததோடு டீசல் டிசையரின் உற்பத்தி நின்றது. ஆகவே இன்று விற்பனைக்கு வரும் டீசல் டிசையர் ஒவ்வொன்றும் வயதான வண்டிதான்.

இதன் 1,248 சிசி இன்ஜின் ஃபியட் வடிவமைத்த மல்டிஜெட். சுசுகி உரிமம் பெற்று ஹரியானாவின் மானேசரில் தயாரித்தது. இதே இன்ஜின் இண்டிகா விஸ்டா, லீனியா, ரிட்ஸ், எர்டிகா எனப் பல கார்களில் ஓடியது. அதனால் இந்த இன்ஜினில் கை வைக்காத டீசல் மெக்கானிக் தமிழ்நாட்டில் அரிது. பழைய டிசையர் வாங்குபவருக்கு இது பெரிய பலம்.

இந்த இன்ஜினின் ஆயுள் ஆயிலில் இருக்கிறது. டைமிங் பெல்ட்டுக்குப் பதிலாக இதில் செயின் உண்டு. அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், ஆயில் அழுத்தத்தால் இயங்குகிறது. ஆயிலைக் காலம் தாழ்த்தி மாற்றினால் கசடு சேர்ந்து, சம்ப்பின் அடியில் இருக்கும் ஆயில் வடிகட்டி வலையை அடைக்கும். அப்போது டென்ஷனருக்கு அழுத்தம் தாமதமாகப் போய்ச் சேரும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஓரிரு நொடி 'கடகட' என்று சத்தம் வந்து அடங்குவது இதன் முதல் அறிகுறி. வண்டி சூடானபின் சத்தம் இருக்காது. அதனால்தான் விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்த வண்டியைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. பானட்டைத் தொட்டுப் பார்த்து, சூடாக இருந்தால் மறுநாள் காலை வருவதாகச் சொல்லிவிடுவது நல்லது. சத்தம் மட்டும் வரும் கட்டத்தில் செயின் கிட் மாற்ற வெளிப் பட்டறையில் கூலியோடு ஏறத்தாழ 10,000 முதல் 20,000 ரூபாய் ஆகும். சத்தத்தைப் பொருட்படுத்தாமல் ஓட்டி, செயின் பல் தாண்டினாலோ அறுந்தாலோ வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். பிறகு ஹெட்டைக் கழற்றாமல் தீராது; செலவும் பல மடங்காகும்.

அடுத்து இன்ஜெக்டர். ஸ்டார்ட் ஆகத் தாமதம், ஐடிலில் நடுக்கம், கரும்புகை ஆகியவை இதன் குறிகள். தேர்ந்த டீசல் மெக்கானிக் நான்கு இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் குழாய்களையும் கழற்றி, நான்கு சின்ன பாட்டில்களில் விட்டு இன்ஜினை ஓடவிடுவார். எந்த பாட்டில் மற்றவற்றைவிட வேகமாக நிரம்புகிறதோ அந்த இன்ஜெக்டர் தேய்ந்துவிட்டது. இந்தச் சோதனை செய்யாமல் நான்கையும் மாற்றச் சொல்பவரிடம் வண்டியைக் கொடுக்க வேண்டியதில்லை. புதிய இன்ஜெக்டர் ஒன்று பத்தாயிரத்தைத் தாண்டும். பழுது பார்த்தது அதில் பாதிக்கும் கீழே கிடைக்கும். இன்ஜெக்டரின் அடியில் தார் போலக் கறுப்பாகப் படிந்திருந்தால் செப்பு வாஷர் கசிகிறது என்று பொருள். வாஷரின் விலை சொற்பம். ஆனால் விட்டுவிட்டால் படிவு இறுகி, இன்ஜெக்டரைக் கழற்றுவதே பெரிய வேலையாகிவிடும்.

புகையும் இழுவைக் குறைவும் வந்தால் டர்போதான் போய்விட்டது என்று முடிவு கட்டுவது பரவலான தவறு. பெரும்பாலும் கரி அடைத்த ஈஜிஆர் வால்வோ, விரிசல் விட்ட காற்றுக் குழாயோ காரணமாக இருக்கும். ஈஜிஆரைச் சுத்தம் செய்ய ஓரிரு ஆயிரம் போதும். டர்போ உண்மையிலேயே போயிருந்தால் புதியதற்கு இருபதாயிரத்துக்கு மேல் ஒதுக்க வேண்டும்.

கிளட்ச் செட் மாற்றக் கூலியோடு 8,000 முதல் 14,000 வரை. முன்பக்க லோயர் ஆர்ம், புஷ், லிங்க் ராடு, ஷாக் அப்சார்பர் எல்லாம் சேர்த்து அதே அளவு. ஏசியில் கூலிங் காயில் கசிந்தால் டேஷ்போர்டையே கழற்ற வேண்டியிருப்பதால் பொருளின் விலைக்கு இணையாகக் கூலியும் ஏறும்.

வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனை இன்னொன்றும் உண்டு. இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பார்ப்பது. குபுகுபுவென்று புகை தள்ளினால் மெக்கானிக்குகள் 'பேக் கம்ப்ரெஷன்' என்பார்கள்; பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. முழு இன்ஜின் வேலை 60,000 ரூபாயில் தொடங்கி ஒரு லட்சத்தைத் தாண்டும். இதற்கு மாற்றாகச் சென்னை புதுப்பேட்டையில் பிரித்து விற்கும் இன்ஜினை வாங்கிப் பொருத்துவோரும் உண்டு. அப்படிச் செய்தால் இன்ஜின் எண்ணை ஆர்.சி. புத்தகத்தில் மாற்றியே ஆகவேண்டும்.

டி போர்டில் (வாடகைக் காராக) ஓடி, பிறகு ஓன் போர்டுக்கு (சொந்த உபயோகத்துக்கு) மாறிய டிசையர்கள் ஏராளம். அவற்றின் மீட்டரைத் திருப்பலாம், ஆனால் வழவழத்துப்போன ஸ்டீயரிங், ஓரம் தேய்ந்த கிளட்ச் பெடல் ரப்பர், டிரைவர் சீட்டின் அமுங்கிய விளிம்பு ஆகியவற்றை மறைப்பது கடினம். மீட்டர் 80,000 கிலோமீட்டர் காட்டி, பெடல் ரப்பர் மொழுமொழுவென்று இருந்தால் பெடலையே நம்பலாம்.

ஆண்டுகள் செல்லச் செல்ல வண்டியின் விலை இறங்குகிறது. உதிரிப் பாகங்களின் விலையோ புதிய வண்டிக்கு இருந்ததுதான். மூன்று லட்சத்துக்கு வாங்கிய காரில் இன்ஜின் வேலை வந்தால், விலையில் மூன்றில் ஒரு பங்குகூட அதிலேயே போகலாம். எனவே கையிருப்புப் பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுக்காமல், முதல் ஆண்டுச் செலவுக்கென 40,000 ரூபாயாவது ஒதுக்கி வைக்க வேண்டும். சொந்த உபயோகக் காருக்கு 15 ஆண்டுக்குப் பின் தகுதிச் சோதனையோடு பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. 2008 முதல் 2010 வரை வெளிவந்த வண்டிகள் அந்த வயதைக் கடந்துவிட்டன.