மணலுக்கொரு சக்கரம், சேற்றுக்கொரு சக்கரம்

ஆர்.எஸ்.புரத்தில் நண்பர்கள் வழக்கமாகக் கூடும் மாலைப்பொழுதுகளில் சங்கப் பாடலில் தொடங்கும் பேச்சு எங்கெங்கோ சென்று முடிவது புதிதன்று. அண்மையில் ஒருநாள் அது டயரில் வந்து நின்றது. நம் குழுவிலுள்ள பொறியியல் மாணவர் ஒருவர், ஜெய்சல்மேர் மணல்மேடுகளில் ஏ.டி.வி. எனப்படும் நாற்சக்கர ஊர்தியை ஓட்டப்போவதாகவும், அதற்குப் 'பேடில் டயர்' வாங்க வேண்டுமென்றும் சொல்லி ஒரு படத்தைக் காட்டினார். வழுவழுப்பான டயரின் குறுக்கே, சற்றுத் தள்ளித் தள்ளி, உயரமான ரப்பர் துடுப்புகள் நின்றன. கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்திருந்த மூத்த நண்பர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை உற்றுப் பார்த்தார்.

"இது நம்ம கேஜ் வீலாட்டவே இருக்குது கண்ணு" என்றார்.

அனைவரும் சிரித்தோம். வீடு திரும்பிய பிறகுதான் அவர் சொன்னதில் பாதி உண்மை இருப்பது புலப்பட்டது. மற்றப் பாதியைத் தேடியதன் விளைவே இக்கட்டுரை.

நெகிழ்ந்த நிலத்தில் ஊர்தி நகர இரண்டு வழிகளே உண்டு. ஒன்று, அமிழாமல் மிதப்பது. அதற்குச் சக்கரம் அகலமாகவும் மென்மையாகவும் இருந்து, பாரத்தைப் பரப்பிக் கொடுக்க வேண்டும். மற்றொன்று, படகோட்டி நீரைத் தள்ளுவதைப் போல நிலத்தை வாரிப் பின்னே தள்ளி முன்னேறுவது. சக்கரத்தின் வரலாற்றை இவ்விரு வழிகளின் வரலாறாகவே வாசிக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது.

பழைய மரச்சக்கரம் இவ்விரண்டில் எதையும் செய்யவில்லை. குடம், ஆரக்கால், வட்டை, அதன்மேல் இரும்புப் பட்டை என்று அமைந்த அச்சக்கரம் உயரத்தையே நம்பியது. பெரிய சக்கரம் பள்ளத்தில் முழுதாக விழாது, கல்லையும் எளிதில் ஏறிக் கடக்கும். கொங்கு நாட்டு இட்டேரிகளுக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் மெல்லிய இரும்புப் பட்டை ஆற்று மணலில் கத்தியைப் போல இறங்கும். அப்போது வண்டியை மீட்பது சக்கரமன்று, காளையின் தோள்தான். உப்பு வணிகராகிய உமணர் இத்துன்பத்தை நன்கறிந்தவர்கள். புறநானூற்றின் 102ஆம் பாடலில், தகடூர் அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் உமணரது வண்டியின் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். பள்ளத்தில் இறங்கவும் மேட்டில் ஏறவும் நேரும் நெடுவழியில் என்ன நிகழுமோ என்று அஞ்சி, கீழே கட்டிச் செல்லும் மாற்று அச்சு அது. இன்றைய வண்டிகளின் 'ஸ்டெப்னி'க்கு நம் இலக்கியத்தில் இத்தனை மதிப்பான முன்னோடி இருப்பதை வாகனப் பிரியர்கள் அறிவார்களா என்று தெரியவில்லை!

மிதக்கும் சக்கரம் காற்றோடு வந்தது. 1845இல் இராபர்ட் தாம்சன் காப்புரிமை பெற்றும் கவனிக்கப்படாமற்போன காற்று டயரை, 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்டு டன்லப் மீண்டும் கண்டறிந்தார். 1936இல் டன்லப் நிறுவனம் வங்காளத்துச் சாகஞ்சில் தொழிற்சாலை தொடங்கியது. காலப்போக்கில் மாட்டுவண்டிக்கும் டயர் வந்தது. நம் பக்கத்தில் அதற்கு 'டயர் வண்டி' என்றே பெயர். கரூர்ப் பகுதியில் காவிரி மணலை ஏற்றிவந்த மாட்டுவண்டிகளைப் பார்த்தவர்களுக்கு அதன் பயன் விளங்கும். இரும்புப் பட்டை அறுத்துக்கொண்டு இறங்கும் இடத்தில் டயர் அழுந்தி விரிந்து மேலேயே நிற்கும்.

இந்த உண்மையைப் பாலைவனத்தில் முறையாகப் பயன்படுத்தியவர்களுள் முதன்மையானவர் ரால்ஃப் பேக்னால்டு என்ற ஆங்கிலேயப் படையதிகாரி. 1920களின் பிற்பகுதியிலும் 1930களிலும் சாதாரண ஃபோர்டு கார்களில் எகிப்து, லிபியா எல்லையிலுள்ள பெருமணற்கடலுக்குள் நுழைந்தவர் அவர். அவரும் தோழர்களும் கைக்கொண்ட உபாயங்கள் எளியவை. டயரிலிருந்து காற்றைக் குறைத்தார்கள், சுமையைக் குறைத்தார்கள், புதைந்தால் சக்கரத்தின் கீழ் இரும்புத் தகடுகளை இட்டார்கள். 1940இல் கெய்ரோவில் அவர் அமைத்த நெடுந்தொலைவுப் பாலைவனக் குழு, இத்தாலியர் கடக்கவியலாது என்று நம்பியிருந்த மணற்பரப்பினூடே சென்று அவர்களைத் தாக்கியது. மணல் காற்றில் எவ்வாறு நகர்கிறது, மேடு எவ்வாறு உருவாகிறது என்று அவர் 1941இல் வெளியிட்ட இயற்பியல் நூலை அறிஞர்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். போர் முடிந்தபின் மறக்கப்படும் படைத்தலைவர்கள் பலருண்டு. மணலைப் படித்தமையால் இவர் நிலைத்தார்.

1970இல் ஹோண்டா வெளியிட்ட மூன்று சக்கர ஊர்தி இதே மிதப்பு வழியைச் சார்ந்ததே. பலூனைப் போன்ற தாழ்ந்த காற்றழுத்த டயர்களே அதற்கு அதிர்வு தாங்கிகளாகவும் இருந்தன. நான்கு சக்கர வடிவம் 1980களில் வந்தது. கவிழும் விபத்துகள் பெருகியதால், 1988இல் அமெரிக்காவில் மூன்று சக்கர வகையின் புதிய விற்பனை நின்றது.

இனி நண்பர் சொன்ன கேஜ் வீலுக்கு வருவோம். தொழி உழவுக்கு இறங்கும் டிராக்டரின் பின்புறம் பொருத்தப்படும் இரும்புக் கூண்டுச் சக்கரம் அது. ரப்பர் டயரைக் கழற்றிவிட்டு மாட்டுவது முழுக் கூண்டு, டயரோடு சேர்த்துப் பிணைப்பது அரைக் கூண்டு. குறுக்குச் சட்டங்கள் சேற்றை வாரிப் பின்னே தள்ளுகின்றன. அதே வேளையில் மண்ணைக் குழைத்து நடவுக்கும் ஆயத்தமாக்குகின்றன. சட்டங்களுக்கிடையே போதிய இடைவெளி வேண்டும். நெருங்கி இருந்தால் சேறு அப்பிக்கொண்டு, சக்கரம் உருளையாகிச் சுழலும், வண்டி நகராது. இதை எந்தப் பொறியியல் நூலையும் புரட்டாமல் கோபி நண்பர் நமக்கு விளக்கினார்.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. வயற்சேற்றுக்கு அடியில் ஒரு தளம் உண்டு. ஆண்டாண்டாகத் தொழியடித்ததில் இறுகிய அந்த அடுக்குதான் டிராக்டரின் பாரத்தைத் தாங்குகிறது. கூண்டுக்குத் தள்ளும் வேலை மிகுதி, மிதக்கும் வேலை குறைவு. மணல்மேட்டுக்கோ அடித்தளம் என்று ஒன்றில்லை, தோண்டத் தோண்ட மணலே. ஆகவே பேடில் டயர் இரண்டு வேலையையும் ஒருங்கே செய்ய வேண்டியிருக்கிறது. அதன் உடல் டயர் வண்டியினுடையது, துடுப்பு கேஜ் வீலினுடையது. நண்பர் பாதி சரி என்று நாம் சொன்னது இதனால்தான்.

இதை மனத்திற்கொண்டால் மாணவரின் கேள்விக்கு விடை கடினமன்று. துடுப்புகள் மிகுந்தால் பிடிப்பு மிகும், ஆனால் அத்தனை மணலையும் தள்ள எஞ்சினுக்கு வலு வேண்டும். சிறிய எஞ்சினுக்குப் பெரிய டயரும் உயர்ந்த துடுப்பும் மாட்டினால், மேட்டின் நடுவிலேயே மூச்சுத் திணறி நின்றுவிடும். வலுமிக்க எஞ்சினுக்குத் துடுப்பு போதாவிட்டால், நின்ற இடத்திலேயே தனக்குக் குழி பறித்துக்கொள்ளும். நடுத்தர விளையாட்டு வகை ஊர்திகளுக்கு எட்டுத் துடுப்பையொட்டித் தேர்வு செய்வது பொதுவான வழக்கம். ஓட்டுபவரின் எடையையும் கணக்கில் கொள்ள வேண்டும். பின்சக்கர இயக்கமுள்ள ஊர்தியில் துடுப்பு பின்னால் மட்டுமே. முன்சக்கரத்துக்கு, திருப்பும்போது மணலைப் பிடிக்கும் நடுவரம்புள்ள டயர் வேண்டும். எதை மாட்டினாலும் காற்றழுத்தம் குறைவாகவே இருக்கட்டும். துடுப்பில் செய்த செலவை இறுக அடித்த காற்று வீணாக்கிவிடும்.

நனைந்த மணல் வேறு வகை. 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்படும் முன், முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு வேன்களும் ஜீப்புகளும் மணலிலேயே ஓடின. நாங்கள் சென்றபோது, ஓட்டுநர் இயன்றவரை ஈரத்தரையையே நாடி ஓட்டினார். மணற்பருக்கைகளுக்கிடையே நிற்கும் சிறிதளவு நீர் அவற்றைப் பிணைத்து வைப்பதே காரணம். அங்கே துடுப்புக்கு வேலை குறைவு.

ஒரு நிலத்துக்கென்று பிறந்த சக்கரம் மற்றொரு நிலத்தில் என்ன செய்யும் என்பதையும் சொல்லியாக வேண்டும். கேஜ் வீலோடு தார்ச்சாலையில் ஏறும் டிராக்டர் ஒரே நடையில் சாலையைக் கொத்திப்போடுகிறது. சாலை உருளைகளும் சங்கிலித்தட வண்டிகளும் நீங்கலாக எல்லா மோட்டார் வாகனங்களுக்கும் காற்று டயர் கட்டாயம் என்பது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதி. ஆயினும் வயல்விட்டு வயல் மாறுகையில் கூண்டைக் கழற்றி மாட்ட யாருக்கும் பொறுமையில்லை. அரை மணி நேர வேலையைத் தவிர்க்க ஊர்ச்சாலையை இழப்பது நமக்கு ஏற்புடைத்தாகத் தெரியவில்லை. இதைச் சொன்னபோது கோபி நண்பர் பதில் சொல்லாமல் தேநீரைப் பருகினார்.

மாணவர் இன்னொன்றும் கேட்டார். ஜெய்சல்மேர் செல்லுமுன், தூத்துக்குடி மாவட்டத்துக் குதிரைமொழித் தேரியில் ஓட்டிப் பழகலாமா என்று. கூடாது என்று அனைவரும் ஒரே குரலில் மறுத்தோம். அச்செம்மணற்பரப்பு காப்புக்காடு. அதை நகராமல் பிடித்திருப்பவை வேரூன்றிய செடிகளும் மரங்களும். துடுப்பு டயர் அவ்வேரை வாரி எறிந்தால், பிறகு மணல் காற்றின் வழிப் போகும். பேக்னால்டின் நூல் விளக்குவதும் இந்த நகர்வைத்தான்.

இளைஞரின் முகம் வாடியது. கோபி நண்பர்தான் சமாதானம் சொன்னார்:

"ஆகஸ்ட் பதினஞ்சுக்குக் கீழ்பவானியில தண்ணி உடுவாங்க. நம்ம தோட்டத்துக்கு வா கண்ணு, தொழியில கேஜ் வீல ஓட்டிப் பழகு. ரோட்டுக்கு வர்றப்ப மட்டும் ரெண்டு பேருமாக் கழட்டிப் போடுவோம்."